தொப்பி குரைக்கும் சத்தம்

பிப்ரவரி 9

பொடிசோட அம்மாவுக்கு,

வந்து சேர்ந்துட்டோம். இந்த ஒரு வரியோட நிறுத்தணும்னுதான் உக்காந்தேன். எழுத ஆரம்பிச்சா கை நிக்க மாட்டேங்குது.

விமானத்துல பொடிசு ஒரு பொட்டுக்கூட தூங்கல. காது கேக்காத பிள்ளை, இரைச்சல் தெரியாது, நல்லாத் தூங்குவான்னு நீ சொன்ன. இரைச்சல் தெரியல, ஆனா நடுக்கம் தெரிஞ்சுது. முன்னாடி இருக்கை முதுகுல ரெண்டு உள்ளங்கையையும் வச்சுக்கிட்டே வந்தா. தொப்பி எங்கன்னு கேட்டா. நமக்குக் கீழ சாமான் அறையில கூண்டுக்குள்ள இருக்கான்னு கையால காமிச்சேன். உடனே ரெண்டு காலையும் மேல தூக்கி மடிச்சு உக்காந்துக்கிட்டா. அவன் தலைய மிதிச்சிடக் கூடாதாம்.

இறங்கின இடத்துலயே அவன வாங்கிக்கிட்டாங்க. ரெண்டு பேர், முழங்கை வரைக்கும் கையுறை. ஆறு மாசம் தனிக் கொட்டடியில வச்சிருந்து, நோய் நொடி இல்லன்னு தெரிஞ்சாத்தான் வெளிய விடுவாங்க. நமக்கு இது முன்னமே தெரியும், பொடிசுக்குத் தெரியாதே. கூண்டு வண்டி பின்னாடியே ஓடினா. அவன் குரைச்ச குரைப்புக்கு அந்தக் கூடமே திரும்பிப் பாத்துச்சு. அவளுக்கு மட்டும் கேக்கல.

ஊசி போட்ட சீட்டுலேருந்து எல்லாம் உன் பேர்ல இருக்கறதால, “நாயோட உரிமையாளர் எங்க?”ன்னு கேட்டாங்க. “அவங்களுக்கும் ஆறு மாசம். ஆனா அந்தப் பக்கம்”ன்னேன். அவங்களுக்குப் புரியல.

கம்பெனி குடுத்த வீடு நாலாவது மாடியில. ரெண்டு அறை. லிஃப்ட் மெக்கானிக்கா வேலைக்குக் கூப்பிட்டவங்க குடுத்த கட்டடத்துல லிஃப்ட் ஓடல. சிரிப்பு வந்துச்சு. கூடச் சிரிக்க ஆள் இல்ல.

ஒண்ணு சொல்லிடறேன், நெஞ்சுல வச்சுக்க முடியல. உனக்குப் பத்தொன்பது வயசுல காசநோய் வந்த தழும்பு நுரையீரல்ல இருக்குன்னு, ஒன்பது வருஷம் உன்கூட இருந்தவனுக்கு ஒரு எக்ஸ்ரே படம்தான் சொல்லிச்சு. “உங்க மனைவிக்கு முன்னாடி இந்த நோய் இருந்துச்சா?”ன்னு விசா ஆபீஸ்ல அந்த அதிகாரி கேட்டப்ப, “இல்லவே இல்ல சார்”னு அடிச்சுச் சொன்னேன். உனக்காகச் சத்தியமே பண்ணினேன். நீ பக்கத்துல உக்காந்து உன் கைப்பை ஜிப்பைப் பாத்துக்கிட்டிருந்த. நோய் வந்தது உன் தப்பு இல்ல. ஆனா அந்த ஜிப்பை என்னால மறக்க முடியல.

பொடிசோட அப்பா


பிப்ரவரி 26

பொடிசோட அப்பாவுக்கு,

கடிதம் நேத்து வந்துச்சு. பொடிசு காலை மடிச்சு உக்காந்ததப் படிச்சிட்டு அதுக்கு மேல போக ரொம்ப நேரம் ஆச்சு.

என்னைப் பத்திக் கேக்கல நீங்க. பரவாயில்ல, சொல்றேன். தினம் காலையில வெறும் வயித்துல நாலு மாத்திரை. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர்ல பதினோரு வருஷமா நான் அடுத்தவங்களுக்கு எண்ணிக் குடுத்த அதே மாத்திரை. “விடாம சாப்பிடணும், நடுவுல நிறுத்தினா ஆபத்து”ன்னு எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருப்பேன்! இப்ப என்னைக் கவுண்டர்லேருந்து எடுத்து, உள்ள ஸ்டோர் ரூம்ல ஜன்னல் ஓரமா உக்கார வச்சிருக்காங்க. கிட்ட வராதேன்னு யாரும் சொல்லல. என் டம்ளர்ல மட்டும் பேர் எழுதி ஒட்டியிருக்காங்க.

நோய் மறுபடி வந்திருக்கறதால ஆறு மாசம் மாத்திரை, திரும்ப எக்ஸ்ரே, திரும்ப சளிப் பரிசோதனை. எல்லாம் சுத்தம்னு வந்தா என் விசா விண்ணப்பத்தைத் திறப்பாங்க. அதுவரைக்கும் மேசை மேல இருக்குமாம்.

போன் பண்ணுன்னு சொல்லிட்டுப் போனீங்க. பூத்துல நின்னுக்கிட்டு, வெளிய நாலு பேர் வரிசையில காத்திருக்க, மூணு நிமிஷத்துல என்னத்தப் பேச? பொடிசுக்கும் கேக்காது. எனக்கு எழுத்துதான் தோது.

உங்களுக்கு ஜிப் மறக்கலன்னா எனக்கு வாசல் மறக்கல. கார் வந்து நின்னுச்சு. பெட்டிய எடுத்தீங்க, தொப்பி கூண்டை எடுத்தீங்க, பொடிசத் தூக்கி இடுப்புல வச்சீங்க. எல்லாத்துக்கும் உங்ககிட்ட கை இருந்துச்சு.

தொப்பிய எப்ப பாக்க விடுவாங்கன்னு எழுதுங்க.

பொடிசோட அம்மா


மார்ச் 15

ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பாக்க விடறாங்க, ஒரு மணி நேரம். ரெண்டு பஸ் மாறிப் போகணும். நீளமா ஒரு கட்டடம், நடுவுல நடைபாதை, ரெண்டு பக்கமும் கம்பி போட்ட அறைங்க. சுத்தமாத்தான் வச்சிருக்காங்க, பினாயில் வாசனை மூக்கைத் துளைக்குது. பாத்துக்கற அம்மா நல்ல மாதிரி. அவங்க பேசறது எனக்குப் பாதிதான் புரியும், நான் பேசறது அவங்களுக்குக் கால்வாசிகூடப் புரியாது. நாய் பேசறதுதான் ரெண்டு பேருக்கும் புரியுது.

தொப்பி எங்களப் பாத்ததும் சுவரேறிக் குதிக்கிறாப்ல குதிச்சான். பொடிசு உள்ள போய் அவன் கழுத்தக் கட்டிக்கிட்டு, தலையில இருக்கற அந்தப் பழுப்பு வட்டத்துல கன்னத்தை வச்சுக்கிட்டா. மணி அடிச்சதும் எல்லாரும் எழுந்தாங்க. மணி கேக்காதவ எழுந்திருக்கல. தொப்பிதான் அவ கவுனைப் பல்லால பிடிச்சு இழுத்தான். நம்ம வீட்டுல பால் பொங்கினா, கதவத் தட்டினா இழுப்பானே, அப்படி. மணி அடிச்சா அவ கிளம்பணும்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதோ. அவனே அவள வெளிய அனுப்பி வச்சான்.

பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னே நடத்தற இடம். இதுக்காகத்தானே இத்தனையும். டீச்சர் அவ காதுல என்னென்னவோ மாட்டிப் பாத்துட்டு, “கொஞ்சம் மிச்சம் இருக்கு”ன்னாங்க. கேக்கற சக்தியச் சொல்றாங்க. அந்தக் கொஞ்சத்தைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏத்தலாமாம்.

உன் உடம்பைப் பத்தி நான் கேக்கலன்னு எழுதியிருந்த. கேக்கணும்னு பேனாவை எடுத்தா கோபம் முந்திக்குது. ஏன் சொல்லல? அதை மட்டும் சொல்லு.

பொடிசோட அப்பா


ஏப்ரல் 2

கேட்டுட்டீங்க, சொல்றேன்.

பத்தொன்பது வயசுல பத்து மாசம் பின்கட்டு அறையில இருந்தேன். தட்டை வாசல்ல வச்சிட்டுப் போவாங்க. தேறி வந்தப்புறம் ஒரு வரன் வந்துச்சு. நிச்சயம் வரைக்கும் போச்சு. யாரோ காதுல போட்டு, பூ வைக்க வர்ற அன்னைக்கு அவங்க வரல. அன்னைக்கே அம்மா என் ஆஸ்பத்திரிச் சீட்டையெல்லாம் அடுப்புல போட்டாங்க. “உனக்கு நோயே வந்ததில்ல, தெரிஞ்சுதா?”ன்னாங்க. நாளாக நாளாக எனக்கே அப்படித்தான் தோண ஆரம்பிச்சுது.

ஆனாலும் உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். கல்யாணமாகி ரெண்டாவது மாசம். தலை துவட்டிக்கிட்டே ஒரு கதை சொன்னீங்க. உங்ககூட வேலை பாத்த பெரியவர் ஒருத்தருக்கு இந்த நோய் வந்துச்சாம். அவர் தொட்ட ஸ்பேனரை ஒர்க்‌ஷாப்ல யாரும் தொடலையாம். “நீங்க தொட்டீங்களா?”ன்னு கேட்டேன். “எனக்கென்ன பைத்தியமா?”ன்னு சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். சொல்றதா இருந்த நாள் அதுதான்.

உங்களக் குத்திக் காட்ட எழுதல. நீங்க கேட்டீங்க.

பொடிசோட காதைப் பத்தி இன்னும் எழுதுங்க. “கொஞ்சம் மிச்சம்”னா எவ்வளவு? இடி கேக்குமா? கதவு சாத்தினா கேக்குமா?

பொடிசோட அம்மா


ஏப்ரல் 20

அந்த ஸ்பேனர் கதையை நான் சுத்தமா மறந்துட்டேன். நீ எழுதினதப் படிச்சதும் அந்த ஆள் முகம் ஞாபகம் வந்துச்சு. முகம் மட்டும் இல்ல, அவர் அந்த ஸ்பேனரைத் துடைச்சுத் துடைச்சு மேசை ஓரமா வைப்பார், யாராவது எடுப்பாங்களான்னு. நான் எடுக்கல.

மன்னிச்சுக்கன்னு எழுதினா சின்னதா இருக்கு.

நல்ல சேதி ஒண்ணு. பொடிசுக்கு ரெண்டு காதுக்கும் கருவி மாட்டிட்டாங்க. பட்டாணி அளவுதான், பின்னாடி ஒரு கொக்கி. முதல் நாள் கருவிய முடுக்கினதும் அழுதா. டீச்சர் பயப்படாதீங்கன்னாங்க. ரெண்டாம் நாள், நான் சமையல் கட்டுல மூடியக் கீழ போட்டேன். திரும்பிப் பாத்தா! நம்ம பொண்ணு, முதுகுக்குப் பின்னாடி விழுந்த சத்தத்துக்குத் திரும்பிப் பாத்தா. அன்னைக்கு அந்த மூடியை இருபது தடவை போட்டிருப்பேன். கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அதுக்கும் திரும்பினா.

கெட்ட சேதி, தொப்பி சரியாச் சாப்பிடறதில்லையாம். நாங்க போற ஞாயித்துக்கிழமை மட்டும் பொடிசு கையால குடுத்தா திங்கறான். மத்த ஆறு நாளும் கதவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு அந்த அம்மா கையக் கால ஆட்டிச் சொன்னாங்க. விலா எலும்பு தெரியுது.

நீ சாப்பிடறியா?

பொடிசோட அப்பா


மே 10

உங்க கடிதத்துல மூடி விழுந்த பக்கத்தைக் கிழிச்சு, நான் உக்காந்திருக்கற ஜன்னல் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன். டம்ளர்ல ஒட்டினவங்களுக்கு மட்டும்தான் ஒட்டத் தெரியுமா?

சாப்பிடறேன். மாத்திரையால வாய் முழுக்க இரும்பு ருசி, ஆனாலும் சாப்பிடறேன். எடை ஒண்ணரை கிலோ கூடியிருக்கு. இருமல் காலையில மட்டும்தான். நெஞ்சு டாக்டர் நல்ல முன்னேற்றம்னார். ஆகஸ்ட்ல எக்ஸ்ரே. தொப்பி வெளிய வர்றதும் ஆகஸ்ட்தானே? ரெண்டு பேரும் ஒண்ணா விடுதலையானாலும் ஆகலாம். நீங்க யாரைக் கூப்பிட முதல்ல போவீங்க? அவனைத்தான் போகணும். நான் டாக்சி பிடிச்சு வந்துடுவேன்.

என் பழைய பச்சைச் சேலை ஒண்ணு, துவைக்காம, பார்சல்ல அனுப்பியிருக்கேன். தபால் ஆபீஸ்ல “உள்ள என்ன?”ன்னு கேட்டாங்க. நாய்க்குச் சேலைன்னேன். ஒரு மாதிரி பாத்தாங்க. அதை அவன் படுக்கற இடத்துல போட்டு வைங்க. என் வாசனை இருந்தா ரெண்டு வாய் திம்பான்.

முதல் தடவையா உங்களுக்கு எழுதினதை ஒரு தடவைகூடக் கிழிச்சுப் போடாம அனுப்பறேன்.

பொடிசோட அம்மா


ஜூன் 18

பதில் எழுத நாளாயிடுச்சு, வேலை தலைக்கு மேல. இருபத்தி ரெண்டு மாடிக் கட்டடம் ஒண்ணுல நாலு லிஃப்டுக்கும் கம்பி வடம் மாத்தறோம். குழிக்குள்ள இறங்கினா சாயங்காலம்தான் வெளிச்சம்.

பொடிசு நல்லா இருக்கா. தொப்பியும் நல்லா இருக்கான். உன் சேலை வந்துச்சு. அது மேலதான் படுத்திருக்கான். சாப்பாடும் பரவாயில்ல.

எக்ஸ்ரே தேதி தெரிஞ்சதும் எழுது. உடம்பைப் பாத்துக்கோ.

பொடிசோட அப்பா


ஜூலை 5

உங்க ஜூன் 18 கடிதம் வந்த மறுநாள் இன்னொரு கவர் வந்துச்சு. அரசாங்க முத்திரை போட்டு, என் பேருக்கு. விண்ணப்பத்தைத் திறந்துட்டாங்களோன்னு கையும் ஓடல, காலும் ஓடல. அந்த ஊர் பாஷை எனக்குத் தெரியாதே, அங்க படிச்சிட்டு வந்த நெஞ்சு டாக்டர்கிட்ட குடுத்தேன். அவர் படிச்சிட்டு என்னைப் பாத்தார். திரும்பக் காகிதத்தைப் பாத்தார்.

“நாய் ஏதாவது வச்சிருந்தீங்களாம்மா?”ன்னு கேட்டார்.

“உரிமையாளர் அவர்களுக்கு, தங்கள் பிராணி ஜூன் 3-ம் தேதி காலை இறந்துவிட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.” உணவு எடுக்காததால பலவீனமாம், அப்புறம் காய்ச்சலாம். உடலைத் தகனம் பண்ணிட்டாங்களாம். உரிமையாளர் நான்தானே, எனக்குத் தெரிவிக்கணும்ல.

ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணுல தொப்பி ஜூன் 3 செத்துட்டான். இன்னொண்ணுல ஜூன் 18 என் சேலை மேல படுத்திருக்கான்.

கோபப்படறதுக்கு ஒரு தகுதி வேணும். எனக்கு அது இல்ல. அதனால கோபம் இல்ல. பொடிசுக்கு என்ன சொன்னீங்க? அதை மட்டும் சொல்லுங்க.

பொடிசோட அம்மா


ஜூலை 22

கொட்டடியிலேருந்து கம்பெனிக்குப் போன் பண்ணியிருக்காங்க. நான் குழிக்குள்ள இருந்தேன். மேலேருந்து ஒருத்தன், “உன் நாய் போயிடுச்சாம்”னு கத்தினான். அந்தக் குழியில எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை கேக்கும். வேலைய முடிச்சிட்டுத்தான் ஏறினேன். உன் சேலை வந்தப்ப அவன் போய் மூணு நாள். அதை நான் தலைக்கு மடிச்சு வச்சுக்கறேன்.

உன்கிட்ட மறைக்கணும்னு திட்டமெல்லாம் போடல. அந்த வாரம்தான் நீ ஒண்ணரை கிலோ கூடினதா எழுதின கடிதம் கையில இருந்துச்சு. அதுக்குப் பதிலா இதை எப்படி எழுதறது? நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு தள்ளினேன். நீயும் இப்படித்தான் தள்ளியிருப்பேன்னு அப்பதான் உறைச்சுது.

பொடிசு விஷயம். அடுத்த ஞாயித்துக்கிழமை வழக்கம்போல ஷூ மாட்டிக்கிட்டு கதவுகிட்ட நின்னா. உள்ளங்கையத் தலையில வச்சு, எங்கன்னு கேட்டா. தொப்பின்னா அதுதானே கை. எனக்கு வேற எதுவும் தோணல. “தொப்பி அம்மாகிட்ட போயிட்டான்”னு காமிச்சேன். விமானம் மாதிரி கையை ஓட்டி, உன்னைக் காமிச்சேன்.

அழுவான்னு நினைச்சேன். அழல. அப்புறம் ஷூவைக் கழட்டி எடுத்து வச்சா. ரெண்டு விரலைச் சேத்துக் காமிச்சா. அம்மா தனியா இல்ல, ரெண்டு பேர். அன்னைக்கு ராத்திரி எழுந்திருக்காமத் தூங்கினா. இங்க வந்ததுலேருந்து முதல் தடவை.

நான் பண்ணினது தப்புன்னா சொல்லு, சொல்லிடறேன் அவகிட்ட.

பொடிசோட அப்பா


ஆகஸ்ட் 14

எக்ஸ்ரே எடுத்தாச்சு. நிழல் பெருசாயிருக்கு. சளிய லேப்ல வளத்துப் பாத்ததுல, நான் இத்தனை மாசம் விழுங்கின நாலு மாத்திரைல மூணுக்கு அந்தக் கிருமி அசையவே இல்லையாம். மருந்துக்கு அடங்காத ரகம்னார் டாக்டர். பதினோரு வருஷம் அந்தக் கவுண்டர்ல நின்னிருக்கேன், யார் இருமினதுலேருந்து வந்துச்சோ. இனிமே வேற மருந்து, தினம் ஊசி, ரெண்டு வருஷம். “அப்புறம் சரியாயிடுமா டாக்டர்?”னு கேட்டேன். “பாதிப் பேருக்கு ஆகுது”ன்னார். நேர்மையான மனுஷன்.

அந்த ஒண்ணரை கிலோவும் போயிடுச்சு. கூடவே ஆறு.

விண்ணப்பத்தை மேசை மேலேருந்து எடுத்துட்டாங்க. “முடித்து வைக்கப்பட்டது”ன்னு கடிதம். மறுபடி போட முடியுமான்னு போய்க் கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பொண்ணு, “இந்த வகை நோய்னா கஷ்டம்மா, வீணா அலையாதீங்க”ன்னு மெதுவாச் சொல்லுச்சு.

பொடிசுகிட்ட சொல்லாதீங்க. நீங்க பண்ணினது தப்பில்ல. உண்மையச் சொல்ல நம்மகிட்ட கை இல்லையே. “போயிட்டான்”னு காமிச்சா, கடைக்குப் போனவனுக்கும் அதே கைதான். அவளுக்கு வார்த்தை வரட்டும். வார்த்தை வந்தப்புறம் உக்கார வச்சுச் சொல்லுங்க.

அதுவரைக்கும் தொப்பி என்கிட்ட இருக்கான். தனித் தாள்ல அவனைப் பத்தி எழுதி வச்சிருக்கேன், கையால காமிங்க. கட்டிலுக்கு அடியில படுக்கறான், மாடி வீட்டு அக்காவோட செருப்பைக் கடிச்சுத் திட்டு வாங்கினான், குளிக்க வச்சா என்மேல உதறிட்டு ஓடறான். பொய் எனக்கு நல்லாவே வருது, பாத்தீங்களா.

பொடிசோட அம்மா


செப்டம்பர் 1

மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், ஊருக்குக் கிளம்பறேன்னு. மாசக் கடைசியில விடறேன்னார். உன்னை ஊசிக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர ஆள் வேணும். வாக்குவாதம் பண்ணாத.

நேத்து பள்ளிக்கூடத்துலயும் சொன்னேன். டீச்சர் என்னை உள்ள கூட்டிட்டுப் போய், கண்ணாடி வழியா பொடிசக் காமிச்சாங்க. மேசை மேல படங்க. மணி, கார், நாய், குழந்தை அழறது. ஒரு பெட்டியிலேருந்து சத்தம் வரும், அது எந்தப் படம்னு எடுக்கணும். எட்டுக்கு ஏழு சரியா எடுத்தா. “இப்ப நிறுத்தினா இது நிக்காது, பின்னாடி போயிடும். இந்த வயசு திரும்ப வராது”ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. வேற எதுவும் சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்.

அப்புறம் பொடிசு நாய்ப் படத்தைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட ஓடி வந்தா. பெட்டியக் காமிச்சா, இல்ல இல்லன்னு தலையாட்டினா. உள்ளங்கையத் தலையில வச்சா. பெட்டியில வர்ற நாய் வேண்டாமாம். தொப்பி எப்படிக் குரைப்பான்னு கேக்கணுமாம். அஞ்சு வருஷம் கூடவே இருந்திருக்கா, ஒரு தடவைகூட கேட்டதில்ல. காதைக் காமிச்சா, போன் பிடிக்கிற மாதிரி கையை வச்சா. “அம்மா.”

வாயால சொன்னா. பாதிதான் வந்துச்சு. ஆனா அதுதான்.

என்ன சொல்ல அவகிட்ட?

பொடிசோட அப்பா


செப்டம்பர் 16

வர வேண்டாம்.

வந்து என்ன பண்ணுவீங்க? இது என்ன லிஃப்டா, வடத்தை மாத்தி ஓட்டறதுக்கு? ஊசிக்கு நானே நடந்து போறேன், வர்றேன். கட்டில் பக்கத்துல உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டிருப்பீங்க. நான் உங்களப் பாத்துக்கிட்டிருப்பேன். நமக்கு நடுவுல பொடிசு, ஒண்ணும் கேக்காம, சாமான் விழுந்தாத் திரும்பாம. அதைப் பாக்கறதுக்கு நான் பிழைச்சுக் கிடக்கணுமா? கிட்ட வந்தா அவளுக்கும் ஒட்டிக்கும். வீட்டுக்குள்ள இன்னொரு பின்கட்டு அறை வேணும். வேண்டாங்க.

மேனேஜர்கிட்ட தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. கெஞ்சணும்னாலும் கெஞ்சுங்க.

நீங்க வர்றேன்னு எழுதினதே எனக்குப் போதும். வாசலைப் பத்தி இனிமே எழுத மாட்டேன்.

இதை விரைவுத் தபால்ல போடறேன். செப்டம்பர் 28 ஞாயித்துக்கிழமை, உங்க நேரம் நாலு மணிக்கு கம்பெனி ஆபீஸ் போனுக்குக் கூப்பிடறேன். பொடிசுக்குக் கருவிய மாட்டி, பக்கத்துல உக்கார வைங்க. நீங்க எதுவும் பேச வேண்டாம். தொப்பி பேசுவான்.

பொடிசோட அம்மா


அக்டோபர் 1

மூணே காலுக்கே ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். சுழல் நாற்காலியில உக்காந்துக்கிட்டு போனையே முறைச்சுக்கிட்டிருந்தா. மணி அடிச்சதும் முதல்ல திரும்பினது அவதான்.

ரிசீவரை அவ கருவிகிட்ட வச்சேன், என் காதையும் ஒட்டி வச்சுக்கிட்டேன். முதல்ல உன் மூச்சு. அப்புறம் நீ குரைச்ச.

உன்னை எனக்கு ஒன்பது வருஷமாத் தெரியும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கற மாதிரிகூட நீ பேசினதில்ல. அந்தப் பூத்துக் கண்ணாடிக் கூண்டுல நின்னுக்கிட்டு, வெளிய ஆளுங்க பாக்கப் பாக்க, அப்படிக் குரைச்சிருக்க. முதல்ல ரெண்டு, அப்புறம் விட்டு ஒரு நீளம். அவனேதான். யாராவது படியேறி வந்தா அப்படித்தான் குரைப்பான்.

பொடிசு உள்ளங்கையத் தலையில வச்சா. அப்புறம் சிரிச்சா பாரு, சத்தம் போட்டுச் சிரிச்சா. தன் சிரிப்பு தனக்கே கேட்டுத் திடுக்கிட்டு, மறுபடி சிரிச்சா.

அப்புறம் உனக்கு இருமல் வந்துடுச்சு. நான் ரிசீவரை எடுக்கப் போனேன், விட மாட்டேன்னு பிடிச்சுக்கிட்டா. முழுசும் கேட்டா. முடிஞ்சதும் என்னைப் பாத்து, தொப்பிக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டா. அவளே தலையாட்டிக்கிட்டா. “அம்மாகிட்ட நிறைய மாத்திரை இருக்கு, குடுக்கச் சொல்லு”ன்னு காமிச்சா.

இதுக்கு மேல இருக்கறத எழுதாமலே அனுப்பலாம்னு மூணு நாள் வச்சிருந்தேன். இதோட ஒரு படிவம் இருக்கு. உன் விண்ணப்பத்தை மூடினதால, பொடிசோட அனுமதியும் டிசம்பரோட முடியுதாம். அவ இங்கயே இருக்கணும்னா, தகப்பன் ஒருத்தன் பொறுப்புல விட்டுக் குடுக்கறேன்னு தாய் கையெழுத்துப் போடணுமாம். வேற வழி இருக்கான்னு எல்லா ஜன்னல்லயும் கேட்டுப் பாத்துட்டேன்.

போடாதேன்னு எழுதத்தான் உக்காந்தேன்.

பொடிசோட அப்பா


அக்டோபர் 17

அவ சிரிச்சதை நானும் கேட்டேன். அதனாலதான் இருமல் வந்துச்சு. சிரிப்பை அடக்கினா எனக்கு இப்பல்லாம் அப்படித்தான் ஆகுது.

பூத்துக்கு வெளிய வரிசையில அஞ்சு பேர். முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் ஒரு அம்மா கண்ணாடிக்கு முதுகைக் காமிச்சு நின்னுக்கிட்டு, மத்தவங்களையும் திரும்பச் சொன்னாங்க. யார்னு தெரியாது. வெளிய வந்து நன்றி சொல்லலாம்னு பாத்தா போயிட்டாங்க.

தொப்பிக்கு மாத்திரை குடுத்துட்டேன்னு பொடிசுகிட்ட சொல்லுங்க. மாசத்துல கடைசி ஞாயித்துக்கிழமை, அதே நாலு மணிக்குக் கூப்பிடறேன். எத்தனை மாசத்துக்குன்னு சொல்ல முடியாது. மூச்சு இருக்கற வரைக்கும் அவன் குரைப்பான். அதுக்குள்ள அவளுக்கு வார்த்தை வந்துட்டா, ரெண்டு பேரைப் பத்தியும் ஒரே நாள்ல சொல்லிடுங்க. ரெண்டு தடவை அழ வைக்க வேண்டாம்.

படிவத்தைக் கவுண்டர்ல மருந்துக் கணக்கு எழுதற மாதிரி நிறுத்தி நிறுத்தி நிரப்பியிருக்கேன், அடித்தல் திருத்தல் இல்ல. சாட்சிக் கையெழுத்து மாடி வீட்டு அக்கா போட்டாங்க. என்னன்னு படிச்சுப் பாக்காமலே போட்டாங்க, அப்புறம் படிச்சிட்டு அழுதாங்க. குழந்தையோட பேர், தகப்பன் பேர், என் பேர், எல்லாம் இருக்கு. “முழு மனதுடன்”னு அச்சடிச்ச வரிக்குக் கீழ கையெழுத்தும் போட்டுட்டேன்.

தேதி மட்டும் போடல. அந்த இடத்தைக் காலியா விட்டிருக்கேன். நீங்க போட்டுக்கங்க. எந்த நாள்லேருந்து அவ என் பொறுப்புல இல்லன்னு எனக்கு எழுதாதீங்க.

பொடிசோட அம்மா